எத்தனை டெராபைட் என்பது கடைசிக் கேள்வி: சிறு நிறுவனத்துக்கு சர்வர் சேமிப்பகம் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

சர்வருக்கு டிஸ்க் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் "எத்தனை டெராபைட் போடலாம்?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். கடைக்காரரும் அதற்குப் பதில் சொல்லி விலைப்பட்டியலை நீட்டுகிறார். டிஸ்க் ஒரு நாள் நின்றுபோனால் அலுவலகம் எத்தனை மணி நேரம் தாங்கும், எவ்வளவு வேலையைத் திரும்பச் செய்ய முடியும் என்ற இரண்டு கேள்விகள் அங்கே எழுவதே இல்லை. இவ்விரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் பெட்டி, டிஸ்க், ரெய்டு (ஒரு டிஸ்க் கெட்டாலும் வேலை நிற்காதபடி பல டிஸ்க்குகளைச் சேர்க்கும் முறை), பேக்கப் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக முடிவாகிவிடும். விடை தெரியாமல் வாங்கினால், எவ்வளவு விலை கொடுத்தாலும் அது குருட்டாம்போக்கில் வாங்கியதுதான்.

பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. ஆகவே திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அலுவலகத்தில் 18 கணினிகள். கணக்குப் பிரிவில் 4 பேர் டேலி என்ற கணக்கு மென்பொருளில் வேலை செய்கிறார்கள். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களிடம், பையர் அனுப்பிய டெக் பேக் (ஆடையின் அளவு, துணி விவரக் குறிப்பு), சாம்பிள் படங்கள், ஆர்டர் ஷீட்டுகள். பேட்டர்ன் மாஸ்டரிடம் கணினியில் வரைந்த கேட் (CAD) வடிவமைப்புக் கோப்புகள். ஷிப்பிங் பிரிவில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஸ்கேன் செய்த ஆவணங்கள். இத்தனையும் ஒரு மூலையில் இருக்கும் சாதாரணக் கணினியின் ஒரே ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன. இப்படிப்பட்ட அலுவலகங்கள் இன்றும் ஏராளம்.

முதல் படி: நின்றால் என்ன ஆகும் என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு பிரிவின் தரவுக்கும் நேராக இரண்டு எண்களை எழுதுங்கள். ஒன்று, அது இல்லாமல் எத்தனை மணி நேரம் ஓட்டலாம். இரண்டாவது, எத்தனை மணி நேர வேலை அழிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். முதலாளியும் கணக்கரும் மெர்ச்சண்டைசரும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டிய தாள் இது. கணினி பழுதுபார்ப்பவரிடம் தள்ளிவிடக் கூடாது.

நம் நிறுவனத்தில் டேலி அரை நாள் நின்றால் சமாளிக்கலாம். ஆனால் மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்ய வேண்டிய 20-ஆம் தேதியன்று நின்றால் சமாளிக்க முடியாது. தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டிய சரக்கின் ஆவணங்கள் 2 மணி நேரம்கூடக் கிடைக்காமல் இருக்கக் கூடாது. மூன்று ஆண்டுக்கு முந்தைய சாம்பிள் படங்கள் ஒரு வாரம் கழித்துக் கிடைத்தாலும் போதும். ஆக, எல்லாத் தரவுக்கும் ஒரே அளவு செலவு செய்யத் தேவையில்லை என்பது இந்தத் தாளிலேயே தெரிந்துவிடுகிறது.

சட்டமும் இதில் ஒரு பங்காளி. கம்பெனிகள் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் காக்க வேண்டும். மின்னணுக் கணக்குகளின் பேக்கப், இந்தியாவில் உள்ள சர்வரில் அன்றாடம் எடுக்கப்பட வேண்டும் என்று 2022-இல் விதி திருத்தப்பட்டது. ஜிஎஸ்டி ஆவணங்களை, அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்னைத் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கம்பெனிகள் சட்ட விதிகள் பிரைவேட் லிமிடெட் நிறுவனங்களுக்கு நேரடியாகப் பொருந்தும்; பங்குதாரர் நிறுவனங்கள் தங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: இருப்பதை அளந்து பாருங்கள்

இப்போது இருக்கும் தரவு 2.2 டெராபைட் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டுக்கு முன் எடுத்த பழைய பேக்கப்பின் அளவோடு ஒப்பிட்டால் ஆண்டு வளர்ச்சி தெரியும், அது 0.5 டெராபைட் என்போம். ஐந்து ஆண்டில் 4.7 டெராபைட் ஆகும். பழைய நிலைகளைக் காக்கும் ஸ்னாப்ஷாட்டுகளுக்குக் கொஞ்சம் இடம், எப்போதும் ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருப்பதற்கு இடம் என்று சேர்த்தால் 6.5 முதல் 7 டெராபைட் வரை வேண்டும். 8 டெராபைட் டிஸ்க் விண்டோஸில் 7.27 என்றுதான் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1024-இன் மடங்கிலும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு இது. டிஸ்க்கில் குறை எதுவும் இல்லை.

சிசிடிவி பதிவுகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்கும். அவற்றுக்குத் தனிப் பதிவுக் கருவியும் தனி டிஸ்க்கும் இருக்கட்டும்.

மூன்றாம் படி: எந்தப் பெட்டி?

கோப்புகளைப் பகிர்ந்துகொள்வது மட்டும்தான் வேலை என்றால், அலுவலக வலையமைப்பில் இணைக்கும் டிஸ்க் பெட்டியான நாஸ் போதும். சினாலஜி, கியூநாப் போன்றவை இந்த வகை. ஸ்னாப்ஷாட், பேக்கப் எல்லாம் உள்ளேயே வரும், மின்செலவும் குறைவு. விண்டோஸில் ஓட வேண்டிய, நிறுவனத்தின் எல்லாப் பிரிவுகளையும் இணைக்கும் இ.ஆர்.பி. மென்பொருளோ டேட்டாபேஸ் சர்வரோ இருந்தால் டவர் சர்வர் வாங்குங்கள். சர்வர் வகையில் பிழைதிருத்தும் இ.சி.சி. நினைவகம் கிடைக்கும். நினைவகத்தில் ஒரு பிட் மாறி, அந்தத் தவறான தரவே டிஸ்க்கில் எழுதப்பட்டு, பேக்கப்பிலும் போய்ச் சேர்வதை இது பெருமளவு தடுக்கிறது.

டவர் சர்வர் வாங்கும்போது ஒன்றை அவசியம் கேளுங்கள்: டிஸ்க்குகளை ஓடும்போதே முன்பக்கமாக இழுத்து மாற்ற முடியுமா? விலை குறைந்த சில மாடல்களில் டிஸ்க்குகள் உள்ளே கேபிளில் இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று கெட்டால் சர்வரை நிறுத்தி, மூடியைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும். விலைப்பட்டியலில் இந்த வேறுபாடு ஒரு வரியில் ஒளிந்திருக்கும்.

பெட்டி எந்தெந்த டிஸ்க்குகளை ஏற்கும் என்ற பட்டியலையும் வாங்குவதற்கு முன்பே பாருங்கள். 2025-இல் சினாலஜி தன் புதிய பிளஸ் வரிசைப் பெட்டிகளில் பிற நிறுவன டிஸ்க்குகளுக்குக் கட்டுப்பாடு விதித்து, எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டில் தளர்த்தியது. விதிகள் இப்படி மாறக்கூடியவை என்பதால், பெட்டியின் மாடல் எண்ணையும் டிஸ்க்கின் மாடல் எண்ணையும் சேர்த்தே சரிபார்க்க வேண்டும்.

நம் திருப்பூர் அலுவலகத்துக்கு 4 டிஸ்க் கொள்ளும் பெட்டி ஒன்று. அதில் 2 எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சிப் டிஸ்க்), 2 ஹார்டு டிஸ்க். ஏன் என்பது அடுத்த படியில்.

நான்காம் படி: டிஸ்க்

ஏமாறுவதற்கு அதிக வாய்ப்புள்ள இடம் இதுதான். பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

ஹார்டு டிஸ்க்கில் தரவைப் பதிக்கும் முறைகள் இரண்டு. சி.எம்.ஆர். முறையில் தடங்கள் ஒன்றையொன்று தொடாமல் அருகருகே இருக்கும். எஸ்.எம்.ஆர். முறையில், ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதுபோல், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். இதனால் அதே தட்டில் அதிகத் தரவு அடங்கும். ஆனால் நடுவில் ஒரு தடத்தை மாற்றி எழுத வேண்டுமானால் அதை ஒட்டிய தடங்களையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும். அன்றாடக் கோப்புகளைப் படிக்கும்போது இது வெளியே தெரியாது. கெட்ட டிஸ்க்கை மாற்றிவிட்டு, புது டிஸ்க்கில் தரவைத் தொடர்ந்து பல மணி நேரம் எழுதும்போது வேகம் தரைமட்டமாகிவிடும். ரெய்டு அமைப்பு அந்த டிஸ்க்கைப் பழுதென்று ஒதுக்கிவிடவும் கூடும்.

2020 ஏப்ரலில் இது பெரிய சர்ச்சையானது. நாஸ் பெட்டிக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்கள், எங்கும் குறிப்பிடாமல் எஸ்.எம்.ஆர். முறையில் வந்தது தெரியவந்தது. அதன் பிறகு அந்நிறுவனம் சி.எம்.ஆர். டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று தனிப்பெயரில் விற்கத் தொடங்கியது. ஆகவே அட்டைப்பெட்டியில் "நாஸ்" என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடி, சி.எம்.ஆர். என்று உறுதி செய்த பிறகு பணம் கொடுங்கள்.

இரண்டாவது, வீட்டுக் கணினிக்கான டிஸ்க்கைப் போடாதீர்கள். படிக்க முடியாத ஓர் இடத்தைச் சந்தித்தால் நாஸ் டிஸ்க் ஏறத்தாழ 7 நொடிகளில் முயற்சியைக் கைவிட்டு, பிழை என்று சொல்லிவிடும். ரெய்டு அமைப்பு மற்ற டிஸ்க்கிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும். வீட்டு டிஸ்க் அதே இடத்தை நிமிடக்கணக்கில் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கலாம். அதற்குள், பதில் இல்லை என்று பல ரெய்டு கன்ட்ரோலர்கள் அதை வெளியேற்றிவிடும். தாங்கும் வேலைப்பளுவிலும், அதாவது ஓராண்டில் படித்து எழுதும் தரவின் அளவிலும், வேறுபாடு உண்டு: வீட்டு டிஸ்க்குகள் பலவற்றுக்கு ஆண்டுக்கு 55 டெராபைட், நாஸ் டிஸ்க்குகளுக்கு 180, உயர்தர சர்வர் டிஸ்க்குகளுக்கு 550 என்பது தயாரிப்பாளர்கள் தரும் வழக்கமான அளவு. நாஸ் வகைக்கு 3 ஆண்டு, சர்வர் வகைக்கு 5 ஆண்டு உத்தரவாதம் பொதுவாகக் கிடைக்கும்.

இனி எஸ்.எஸ்.டி. டேலியில் 4 பேர் ஒரே நேரத்தில் வவுச்சர் போடும்போது நடப்பவை சிறுசிறு வாசிப்புகளும் எழுதுதல்களும்தான். ஹார்டு டிஸ்க்கின் முனை ஒவ்வொன்றுக்கும் நகர வேண்டும். நொடிக்கு நூறை ஒட்டியே அதனால் செய்ய முடியும். சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.யே நொடிக்குப் பல்லாயிரம் செய்யும். டேலி தரவை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றினால் கணக்கர்கள் அன்றே வித்தியாசத்தைச் சொல்வார்கள். சாம்பிள் படங்களுக்கும் ஸ்கேன்களுக்கும் இந்த வேகம் தேவையில்லை. அவை ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும்.

சர்வருக்கான எஸ்.எஸ்.டி.யில் மின்தடைப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் சட்டென்று போனால், எழுதிக்கொண்டிருந்ததை முடிப்பதற்கான மின்சாரத்தைச் சில கபாசிட்டர்கள் தேக்கி வைத்திருக்கும். வீட்டு எஸ்.எஸ்.டி.களில் இந்த ஏற்பாடு பெரும்பாலும் இருப்பதில்லை. கூடுதல் விலைக்கு இது தகுதியானது. டேட்டாபேஸ் ஓடும் டிஸ்க்கில் இதில் சிக்கனம் வேண்டாம். மொத்தம் எவ்வளவு எழுதலாம் என்ற அளவும் குறிப்பில் இருக்கும். சாம்சங் 870 ஈவோ 1 டெராபைட் மாடலுக்கு அது 600 டெராபைட். 4 பேர் கணக்கெழுதும் அலுவலகம் அந்த அளவைத் தொட நெடுங்காலம் ஆகும். வீடியோ எடிட்டிங் செய்பவர்கள்தான் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: ரெய்டு

1988-இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ரெய்டு என்ற கருத்தை முன்வைத்தார்கள்: விலையுயர்ந்த பெரிய டிஸ்க் ஒன்றுக்குப் பதிலாக மலிவான சிறு டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்து, அவற்றில் ஒன்று கெட்டாலும் வேலை நிற்காதபடி அமைக்கலாம் என்பது அது. டிஸ்க் கெடுவதற்கு மட்டுமே இது மருந்து. யாராவது ஒரு ஃபோல்டரை அழித்தால், ரெய்டு அதை எல்லா டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழித்துவிடும். ரெய்டு இருப்பதால் பேக்கப் வேண்டாம் என்று யாரேனும் சொன்னால் அவரிடம் சர்வர் வாங்காதீர்கள்.

சிறு அலுவலகத்துக்கு என் முதல் பரிந்துரை மிரர், அதாவது ரெய்டு 1. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு; ஒன்று போனால் மற்றது வேலையைத் தொடரும். பாதிக் கொள்ளளவு போகிறதே என்று பலர் தயங்குவார்கள். ஆனால் புரிந்துகொள்வதும் பழுதுபார்ப்பதும் எளிது. நம் அலுவலகத்துக்கு இரண்டு 8 டெராபைட் டிஸ்க் ஒரு மிரர், இரண்டு எஸ்.எஸ்.டி. இன்னொரு மிரர்.

4 டிஸ்க் போட்டு, ஒரு டிஸ்க் கெடுவதைத் தாங்கும் ரெய்டு 5 அமைத்தால் ஒரு டிஸ்க்கின் இடம்தான் வீணாகும் என்று சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். நான்கு 8 டெராபைட் டிஸ்க்கில் ஒன்று கெட்டால், மீண்டும் கட்டமைக்க மற்ற மூன்றிலிருந்தும் 24 டெராபைட்டைப் பிழையின்றிப் படிக்க வேண்டும். பல டிஸ்க்குகளின் குறிப்பில், 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுக்கு, அதாவது 12.5 டெராபைட்டுக்கு, அதிகபட்சம் ஒரு வாசிப்புப் பிழை வரலாம் என்று இருக்கிறது. நடைமுறையில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆயினும் அந்தப் பல மணி நேரமும் வேறு பாதுகாப்பு எதுவும் இல்லாமல் ஓட வேண்டும். நொடிக்கு 180 மெகாபைட் வேகத்தில் 8 டெராபைட்டை எழுத 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அலுவலகமும் வேலை செய்துகொண்டிருந்தால் ஒரு நாளைத் தாண்டலாம். பெரிய டிஸ்க்குகளில் இரண்டு பழுதைத் தாங்கும் ரெய்டு 6, அல்லது மிரர்களைச் சேர்த்த ரெய்டு 10 இவற்றில் ஒன்றையே எடுங்கள்.

ரெய்டை நடத்தும் தனி ரெய்டு கார்டு வாங்கினால், எழுதுவதற்கு முன் தரவைத் தற்காலிகமாக வைக்கும் அதன் கேஷ் நினைவகத்துக்கு பேட்டரி அல்லது ஃபிளாஷ் பாதுகாப்பு இருக்க வேண்டும். அந்தக் கார்டே கெட்டுப்போனால் அதே வகைக் கார்டு வேண்டியிருக்கும் என்பதால், லினக்ஸும் நாஸ் பெட்டிகளும் பயன்படுத்தும் மென்பொருள் ரெய்டையே சிறு அலுவலகத்துக்கு நான் விரும்புகிறேன்.

ஆறாம் படி: இடம், மின்சாரம், கேபிள்

திருப்பூரில் சர்வருக்கு முதல் எதிரி பஞ்சுத் தூசி. கட்டிங் பிரிவிலிருந்து காற்றில் வரும் மெல்லிய இழைகள் பெட்டியின் முன்வலையில் ஒட்டி, சில மாதங்களில் சாம்பல் நிறப் போர்வையாகப் படிந்துவிடும். விரலால் உரித்தால் ஒரே தாளாக வரும். அதற்குப் பின்னால் விசிறி முழுவேகத்தில் இரைந்துகொண்டிருக்கும். டிஸ்க் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். உற்பத்தித் தளத்திலிருந்து தள்ளி, கதவு மூடிய அறையில் வையுங்கள்; மாதம் ஒருமுறை வலையைச் சுத்தம் செய்யும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதுங்கள். தரையில் வைக்க வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தரைத்தளங்களில் என்ன ஆனது என்பதை அங்குள்ள அலுவலகங்கள் அறியும்.

வீட்டு இன்வெர்ட்டரை சர்வருக்கு நம்பக் கூடாது. மின்சாரத்திலிருந்து பேட்டரிக்கு மாறும் இடைவெளியில் சர்வர் அணைந்து எழலாம். நல்ல யு.பி.எஸ்., யு.எஸ்.பி. கேபிள் வழியாகச் சர்வரோடு பேச வேண்டும். பேட்டரி குறைந்ததும் சர்வர் தானே ஒழுங்காக அணைய வேண்டும்.

கேபிள் விஷயத்தில் ஒரே ஒரு சோதனை போதும். ஒவ்வொரு கணினியிலும் இணைப்பு வேகம் என்ன என்று விண்டோஸின் நெட்வொர்க் அமைப்பில் பாருங்கள். 1 ஜிகாபிட் இருக்க வேண்டிய இடத்தில் 100 மெகாபிட் என்று இருந்தால், பழைய ஸ்விட்ச்சோ கேபிளுக்குள் அறுந்த ஒரு கம்பியோ காரணம். அந்தக் கணினிக்கு நொடிக்கு 11 மெகாபைட்டுக்கு மேல் வராது; எவ்வளவு விலையுள்ள எஸ்.எஸ்.டி. போட்டாலும் பயனில்லை. ஒழுங்கான ஜிகாபிட் இணைப்பில் நொடிக்கு 110 மெகாபைட் வரை வரும். சிறு அலுவலகத்துக்கு அது தாராளம்.

ஏழாம் படி: பேக்கப்பை அதே பில்லில் வாங்குங்கள்

பேக்கப்பை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தால் அந்த மாதம் வராது. ஒதுக்கிய பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது இதற்கு எடுத்து வையுங்கள். அதற்காக முதன்மைப் பெட்டியில் ஒரு படி இறங்கினாலும் தவறில்லை. மூன்று பிரதிகள், இரண்டு வகைக் கருவிகள், ஒன்று கட்டடத்துக்கு வெளியே என்பது நெடுநாளாக நிலைத்த விதி.

நம் அலுவலகத்துக்கு: இரண்டு டிஸ்க் கொள்ளும் சிறிய நாஸ் இன்னொன்று, முடிந்தால் வேறு மாடியில். ஒவ்வோர் இரவும் முதன்மைப் பெட்டியிலிருந்து அது தரவை இழுத்துக்கொள்ள வேண்டும். அதன் கடவுச்சொல் அலுவலகக் கணினிகள் எதிலும் இருக்கக் கூடாது. 2017 மே மாதம் வான்னாக்ரை வந்தபோது, ஒரு கணினியில் நுழைந்த கிருமி வலையமைப்பில் இருந்த மற்ற கணினிகளுக்கும் தானே பரவியது. அலுவலகக் கணினியிலிருந்து எழுத முடிகிற பேக்கப் எதுவும் அன்று பத்திரமல்ல. 2021 ஏப்ரலில் கியூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற, பணம் கேட்டு மிரட்டும் கிருமிகள், இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவைத்திருந்த கியூநாப் பெட்டிகளைத் தாக்கிக் கோப்புகளைப் பூட்டின. வெளியிலிருந்து கோப்பு வேண்டுமானால் வி.பி.என். என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக வாருங்கள், ரவுட்டரில் நாஸுக்குப் போர்ட், அதாவது நேரடி வழி, திறக்காதீர்கள்.

மூன்றாவது பிரதி மேகத்திலோ (இணையவழிச் சேமிப்புச் சேவை), வாரந்தோறும் வீட்டுக்குப் போய்வரும் இரண்டு யு.எஸ்.பி. டிஸ்க்குகளிலோ இருக்கலாம். 50 மெகாபிட் வேகத்தில் 2 டெராபைட்டை மேகத்துக்கு அனுப்ப ஏறத்தாழ 4 நாள் ஆகும். 100 மெகாபிட் வேகத்தில் திரும்ப இறக்கவும் கிட்டத்தட்ட 2 நாள். முதல் படியில் எழுதிய தாளை இப்போது எடுத்துப் பாருங்கள்: ஷிப்பிங் ஆவணங்களுக்கு 2 மணி நேரம் என்று எழுதியிருந்தோம். ஆகவே மேகப் பிரதி தீ, வெள்ளம், திருட்டுக்கு. அன்றாட மீட்புக்கு உள்ளூர் பெட்டிதான். கணக்குத் தரவை மட்டுமாவது இந்தியாவில் சர்வர் வைத்திருக்கும் சேவையில் தினமும் ஏற்றிவிட்டால் விதியும் நிறைவேறும். டேலி கம்பெனி (டேலியில் உள்ள ஒரு நிறுவனத்தின் கணக்குத் தொகுப்பு) யாரிடமும் திறந்திருக்காத நேரத்தில் அந்தப் பிரதியை எடுங்கள்.

எட்டாம் படி: வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

டிஸ்க் கையில் வந்ததும் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். ஒரு மிரரில் போடும் இரண்டு டிஸ்க்குகளும் ஒரே உற்பத்தித் தொகுதியாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் இரண்டும் ஒரே நேரத்தில் கெடும் வாய்ப்பு குறையும். 2025 தொடக்கத்தில், பயன்படுத்திய சீகேட் டிஸ்க்குகள் புதியவையென விற்கப்பட்டது ஐரோப்பாவில் அம்பலமானது. பல டிஸ்க்குகளில், டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில், ஓடிய மணி நேரம் பூஜ்யமாக்கப்பட்டிருந்தது. உள்ளே வேறிடத்தில் இருந்த, ஃபார்ம் எனப்படும் சீகேட்டின் தனிப் பதிவு உண்மையைக் காட்டிக்கொடுத்தது. சீகேட் வாங்கினால் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவசக் கருவியால் இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு நீண்ட ஸ்மார்ட் சோதனையை ஓடவிடுங்கள். பெரிய டிஸ்க்குக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். தரவு ஏற்றுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

பிறகு, எல்லாரும் தவிர்க்கும் சோதனை. மாதிரித் தரவை ஏற்றி, பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை வெளியே இழுங்கள். எச்சரிக்கை ஒலி கேட்க வேண்டும், விளக்கின் நிறம் மாற வேண்டும், பொறுப்பாளரின் கைப்பேசிக்குச் செய்தி வர வேண்டும். செய்தி வரவில்லையென்றால் மின்னஞ்சல் அமைப்பு சரியில்லை. உண்மையான பழுதின்போதும் வராது. டிஸ்க்கைத் திரும்பச் செருகி, கட்டமைப்பு முடிய எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, பேக்கப்பிலிருந்து டேலி கம்பெனி ஒன்றை வேறொரு கணினியில் மீட்டு, கணக்கரை உட்கார வைத்து இருப்புநிலைக் குறிப்பைத் திறக்கச் சொல்லுங்கள். அவர் எண்கள் சரி என்று சொன்ன பிறகே பழைய கணினியை நிறுத்தலாம். இந்த மீட்புச் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும்.

லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் 2013 முதல் வெளியிட்டுவரும் பழுதுக் கணக்கில், அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு டிஸ்க்குகள் கெடுகின்றன. இரண்டே டிஸ்க் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு இது குறைவாகத் தோன்றலாம். எனினும் ஒரு 8 டெராபைட் டிஸ்க்கை உபரியாக வாங்கி, சோதித்து, அலமாரியில் வையுங்கள். பழுது சனிக்கிழமை மாலையில் வந்தால் திங்கள்கிழமை வரை கடை திறக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த டிஸ்க்கின் மேல் எந்தப் பெட்டிக்கு உரியது, எந்தத் தேதியில் சோதித்தது, உத்தரவாதம் எப்போது முடிகிறது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.